செம்மண்ணுக்குக் குழை தாழ்த்துவோம்

1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களின் காணிகள் 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாகக் கையளிக்கப்பட்டன. இன்னும் காத்திருப்போரும் உளர். திரும்பியவர்களுட் பலர் கண்டது பற்றைக்காடு. சிலர் கண்டது மேல்மண் வழிக்கப்பட்டுச் சுண்ணக்கல் தெரியும் தறை. முதற்போகத்திலேயே கடனை அடைக்க வேண்டுமென்று யூரியாவை அள்ளிப் போடத் தோன்றுவது இயல்பே. ஆனால் எமது மண்ணுக்கு அது ஒத்துவராது.

செம்மண் நீரை விரைவாகக் கீழே விட்டுவிடும். அடியிலே வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல். யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றது. பயிர் எடுத்தது போக எஞ்சியது மாரிமழையோடு கிணற்றைச் சேர்கின்றது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் அதே நிலத்தடி நீர்தான். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. எமது தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. அந்நீரிற் புட்டிப்பால் கரைத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையலாம்.

முன்னோர் குழை தாழ்த்தினார்கள். வேலிப் பூவரசு, வாதநாராயணி, கிளிசரியா ஆகியவற்றின் குழையை வெட்டி, சாலிற் பரப்பி, மண்ணால் மூடுவது வழக்கம். புகையிலைத் தோட்டங்களிற் பனையோலையும் தாழ்த்தினர். ஓலை மெல்லவே உக்கும். அதுவரை ஈரத்தைப் பிடித்து வைக்கும். உக்கிய குழை சத்தையும் கழுவுண்டு போகாமல் காத்து, பயிருக்குச் சிறிது சிறிதாக விடும். ஆகவே பற்றை வெட்டிய குப்பையை எரிக்காதீர்கள்.

வேலி அழிந்துபோன காணியில் மாரி தொடங்கக் கதியால் நடலாம். அது தழைக்கும்வரை சணல் விதையுங்கள். பூக்கத் தொடங்கும்போது, ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழுது இரண்டு வாரம் விட்டுப் பயிரிடுங்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தாற் பிளந்து பாருங்கள். உள்ளே சிவந்திருந்தால் காற்றிலுள்ள நைதரசனைச் செடி மண்ணுக்குக் கொண்டுவருகின்றது.

"குத்தகைக் காணிக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று இடம்பெயர்ந்து இருப்போர் கேட்பது நியாயமே. கதியால் உங்களுக்குப் பயன்தராமற் போகலாம். சணலின் பலன் அடுத்த பயிரிலேயே கிடைக்கும். கோடையில் ஆட்டுப்பட்டி அடைப்பித்தாலும் அப்படியே.

யூரியாவை முற்றாக விடச் சொல்லவில்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நாட்டில் விளைச்சல் விழுந்ததைக் கண்டோம். ஒரேயடியாகப் போடாமல், சிறு சிறு அளவாகப் பிரித்து இடுங்கள். கனமழைக்கு முன் இடவேண்டாம். அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

வழிக்கப்பட்ட மேல்மண் சில காணிகளில் மண் அணையாகக் கிடக்கின்றது. அதைத் திரும்பப் பரப்பலாம். ஆனால் கண்ணிவெடி அகற்றப்பட்டதை உறுதிசெய்த பின்னரே. சந்தேகமான இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.