ஒரே தீபாவளி, மூன்று படங்கள்

மார்வெல், டிசி என்று பிள்ளைகளும் இன்று கட்சி கட்டுகிறார்கள். அவர்களுடைய தாத்தாக்களுக்கு இது பழகிய சண்டைதான். அன்றைய கட்சிகள் எம்.ஜி.ஆர்., சிவாஜி.

இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம், 1954-இல் வந்த 'கூண்டுக்கிளி'. அதன்பின் மோதல் திரையரங்கு வாசலில்தான். 1964 தீபாவளிக்கு, நவம்பர் 3 அன்று, எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த 'படகோட்டி' வந்தது. அதே நாளில் சிவாஜிக்கோ இரண்டு படங்கள்: ஒன்பது வேடங்களில் நடித்த 'நவராத்திரி', பி.ஆர்.பந்துலு இயக்கிய 'முரடன் முத்து'.

இரண்டில் எது சிவாஜியின் நூறாவது படம்? அந்தப் பெருமை 'நவராத்திரி'க்குப் போனது. பந்துலுவுக்கு அதில் மனத்தாங்கல் என்பார்கள். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'கப்பலோட்டிய தமிழன்', 'கர்ணன்' என்று சிவாஜிக்கு வரிசையாகப் பெரிய வேடங்கள் தந்தவர் அல்லவா? அவர் மறு ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து 'ஆயிரத்தில் ஒருவன்' எடுத்தார். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதலில் ஜோடி சேர்ந்ததும் அதில்தான். சிவாஜி ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஹாலிவுட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. மார்வெலுக்கு 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' எடுத்த ஜேம்ஸ் கன், 2022-இல் டிசி ஸ்டுடியோஸின் இரு தலைவர்களில் ஒருவரானார். 2025-இல் வந்த 'சூப்பர்மேன்' அவர் இயக்கியதே.