டேப் கைக்கு வருமுன் நம்பர் ஏட்டில் ஏறட்டும்



டேப்லெட் என்றதும் நமக்கு மாத்திரைதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது கையில் பிடித்துக் கணக்கு ஏற்றுகிற தொடுதிரைக் கருவி. சுருக்கமாக ‘டேப்’ என்போம். சந்தா, உள்கடன், வட்டி எல்லாம் பேரேட்டிலிருந்து மெல்ல மெல்லக் கருவிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. குழுக் கணக்கைக் கணினியில் ஏற்றும் ‘இ-சக்தி’ திட்டத்தை 2015ல் நபார்டு வங்கி தொடங்கியது. அதற்கு முன்பே, 2011ல் நடந்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புக்காக பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டேப்புகள் நாடு முழுக்கப் போயின.

இத்தனையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எது யாரிடம் போனது என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் நம்பர்.

மாட்டுக்குத் தோடு மாதிரி

கறவை மாட்டுக் கடன் வாங்கியவர்களுக்குத் தெரியும். இன்சூரன்ஸ் செய்யும்போது மாட்டின் காதில் நம்பர் தோடு போடுவாங்க. மாடு செத்துப்போனால், தோட்டில் இருக்கிற நம்பரும் பாலிசியில் இருக்கிற நம்பரும் ஒத்துப்போகணும். இல்லைன்னா இழப்பீடு கிடைப்பது கஷ்டம். டேப்புக்கும் அதே கதைதான்.

என்னென்ன நம்பர்?

1. ஐ.எம்.இ.ஐ. எண்: 15 இலக்கம். சிம் போடும் கருவிக்கு மட்டும் உண்டு. இரண்டு சிம் என்றால் இரண்டு எண், இரண்டையும் எழுதணும். இதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். நடுவில் ஒரு இலக்கம் தப்பினாலும் கணினி அதை வைத்துக் கண்டுபிடித்துவிடும்.

2. சீரியல் நம்பர்: கம்பெனி போடுவது. ஆங்கில எழுத்தும் கலந்து வரும். சிம் இல்லாத வைஃபை டேப்புக்கு இதுதான் முக்கியம்.

3. மேக் முகவரி: வைஃபைக்கு உரியது. புதிய ஆண்ட்ராய்டு கருவிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு முகவரி காட்டும். ஆகவே இதை மட்டும் நம்பிப் பதிய வேண்டாம்.

தப்பாக எழுதினால் என்ன ஆகும்?

நெடுங்காட்டுக்கும் கோட்டுச்சேரிக்கும் போன டேப்புகளின் நம்பர் ஏட்டில் இடம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து கோட்டுச்சேரியில் டேப் தொலைகிறது. ஏட்டைப் பார்த்து முடக்கினால், நெடுங்காட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற டேப் முடங்கும். தொலைந்தது யார் கையிலோ வேலை செய்துகொண்டே இருக்கும். அதற்குள் நம் உறுப்பினர்களின் பெயர், ஆதார் எண், கடன் பாக்கி எல்லாம் இருக்கும். கடைசியில் “டேப் எங்கே, பணத்தைக் கட்டு” என்று யாரைக் கேட்பார்கள்? கையெழுத்துப் போட்ட பெண்ணைத்தானே!

எப்படிச் சேகரிப்பது?

• பெட்டி மேல் ஒட்டிய நம்பரை மட்டும் நம்பாதீர்கள். பிரிக்கும்போது பெட்டி மாறிப்போகும். டேப்பைத் திறந்து ‘செட்டிங்ஸ்’, ‘அபவுட்’ பகுதியில் பாருங்கள். போன் பேசும் வசதி இருந்தால் *#06# அழுத்தினாலே ஐ.எம்.இ.ஐ. வரும்.

• 300 டேப் என்றால் 4,500 இலக்கம். கையால் எழுதினால் கண் கட்டிவிடும். பெட்டியில் உள்ள கோட்டுக் குறியீட்டை ஸ்கேன் செய்து, பிறகு திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

• ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, மூன்றாமவர் சரிபார்க்கணும். பூஜ்யமா, ‘ஓ’ எழுத்தா என்று கேட்டு எழுதுங்கள்.

• எக்செல்லில் ஏற்றுமுன் அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். இல்லைன்னா நீள எண் சுருங்கி வேறு மாதிரி தெரியும். முதலில் பூஜ்யம் இருந்தால் அதுவும் காணாமல் போகும்.

• டேப்பின் பின்னால் வரிசை எண் ஒட்டி, வாங்குபவர் தன் கண்ணால் நம்பரைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடணும்.

தொலைந்தால்?

உடனே போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். சிம் உள்ள கருவியானால் மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ஐ.எம்.இ.ஐ. கொடுத்து முடக்கலாம். இந்த வசதி 2023 மே முதல் நாடு முழுக்க உண்டு. முடக்கிய கருவியில் எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் வேலை செய்யாது. கருவி கிடைத்துவிட்டால் முடக்கத்தை நீக்கவும் வழி உண்டு. சிம் இல்லாத டேப்பை இப்படி முடக்க முடியாது. அதை முதலிலேயே நிர்வாக மென்பொருளில் சேர்த்திருந்தால், இணையத்தோடு இணையும்போது தூரத்திலிருந்தே பூட்டலாம், உள்ளே இருப்பதை அழிக்கலாம்.

யாருக்குக் கொடுக்கலாம்?

இந்த எண் மாறாதது. அதனால்தான் 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், சாதாரண செயலிகள் இதைப் படிக்க முடியாதபடி தடுத்துவிட்டார்கள். “நம்பர் எடுக்கணும், இந்தச் செயலியைப் போடுங்க” என்று யாராவது வந்தால் கூட்டமைப்பு அலுவலகத்தில் கேட்காமல் போடாதீர்கள். நம்பர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். ஒரு பிரதி கூட்டமைப்பில், ஒரு பிரதி பஞ்சாயத்து அளவிலான குழுவில் இருந்தால் போதும்.

சகோதரிகளே, டேப் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் சொந்தக் கைபேசியில் இன்றைக்கே *#06# அழுத்துங்கள். வரும் எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் “கருவி வாங்குபவர் நம்பரைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்” என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி நாளைக்கு நம்மில் ஒருத்தியை வீண் பழியிலிருந்து காப்பாற்றும்.