சாட்டிக் கடற்கரையிலே ஒரு சோதிடச் சபை

ஆவணி மாதத்துச் சோளகம் வீசிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலங் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியே வேலணைக்குச் செல்லும் வீதியில் வந்தால், சாட்டிக் கடற்கரையின் வெண்மணல் கண்ணிற் படும். 2025ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு மாலைப்பொழுது, அம்மணலிலே, பனங்காய்ப் பணியாரப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு சபை கூடியிருந்தது. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரும், ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பேரப்பிள்ளைகள் இருவருமே அச்சபையினர். அவர்களது அயலவன் என்ற உரிமையில் நானும் சென்று அமர்ந்தேன்.

விவாதப் பொருள் யாதெனிற் கேளுங்கள்: அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் 30 அணிகளுள் இனிவருங் காலத்தை ஆளப்போவது எது?

கனடாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டின் மீதுள்ள மோகம் வியப்புக்குரியதன்று. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரிலே பீச்சுப்பழக் கூடைகளை மேல்மாடக் கைப்பிடியில் அறைந்து இதனை ஆரம்பித்து வைத்த ஜேம்ஸ் நைஸ்மித் கனடாவிற் பிறந்தவரே. 2019இல் ரொறன்ரோ ராப்ரர்ஸ் அணி கிண்ணத்தை வென்றபோது அந்நகரமே வீதியில் இறங்கி ஆரவாரித்தது. மூத்தவன் இன்னும் அந்த வெற்றியிலேயே வாழ்கின்றான். இளையவனோ ஒக்லஹோமா சிற்றி அணியின் பக்தன். அதன் நாயகர் ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டர் ஒன்ராறியோ மாகாணத்து ஹமில்ரனில் வளர்ந்தவர் என்பது அவனுடைய வாதம்.

இவ்விளையாட்டிலே வருங்காலங் கூறுவது உதைபந்திலே கூறுவதிலும் இலகு என்று ஒருவாறு சொல்லலாம். களத்தில் நிற்பவர் ஐவரே. பதினொருவருள் ஒருவர் வல்லவராயிருப்பதற்கும், ஐவருள் ஒருவர் வல்லவராயிருப்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ? நம்மூர்ச் சான்றே போதும். வலைப்பந்தாட்டத்திலே, புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் வளையத்தடியில் நின்ற 2009, 2018, 2022ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. உயரமும் குறி தவறாக் கையும் ஒருவரிடத்தே சேர்ந்தால் எதிரணியின் வியூகமெல்லாம் வீணே.

மேலும், அமெரிக்காவில் இறுதிச் சுற்று ஒரே ஆட்டத்தோடு முடிவதில்லை. ஏழு ஆட்டங்களுள் நான்கை முதலில் வென்றவர்க்கே கிண்ணம். ஒருநாள் அதிர்ஷ்டம் அங்கே செல்லாது. இவ்வாறிருந்தும் சோதிடர்கள் முகங்குப்புற விழுந்திருக்கிறார்கள். 2016இல் கோல்டன் ஸ்ரேற் அணி 82 ஆட்டங்களில் 73ஐ வென்று சாதனை படைத்து, இறுதிச் சுற்றிலும் மூன்றுக்கு ஒன்றென முன்னின்று, அதன்பின் மூன்று ஆட்டங்களையும் கிளீவ்லாந்திடம் தொடர்ந்து பறிகொடுத்தது.

பழைய காலத்தில் நிலைமை வேறு. பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணி 1957 முதல் 1969 வரை பதின்மூன்று பருவங்களில் பதினொரு கிண்ணங்களை வென்றது. அவற்றுள் எட்டு, 1959 முதல் 1966 வரை இடையறாது வந்தவை. பதினொன்றுக்கும் நடுநாயகமாய் நின்றவர் பில் றசல் என்னும் ஒருவரே. இவரைத் தெரிவுசெய்யும் உரிமை 1956இல் சென்ற் லூயிஸ் அணியின் கையில் இருந்தது. அவ்வணி அவ்வுரிமையை இரண்டு ஆட்டக்காரருக்கு மாற்றாகப் பொஸ்ரனுக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்த அணிக்கு அதன்பின் வாய்த்தது 1958ஆம் ஆண்டின் ஒரே ஒரு கிண்ணம்.

அத்தகைய தனியாட்சி இன்று இல்லை. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ரொறன்ரோ, லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ், மில்வோக்கி, கோல்டன் ஸ்ரேற், டென்வர், பொஸ்ரன், ஒக்லஹோமா என ஏழு வேறு அணிகள் வென்றுள்ளன. முதற் காரணம் சம்பள உச்சவரம்பு. வென்ற அணியின் வீரர்களுக்கு விலை ஏறும். அணி செலவிடக்கூடிய தொகையோ விதிகளால் இறுக்கப்பட்டுள்ளது. 2024இல் வென்ற பொஸ்ரன், அடுத்த ஆண்டு கோடையிலேயே, செலவைக் குறைக்கும்பொருட்டு, வெற்றிக்கு உழைத்த இருவரை வேறு அணிகளுக்கு அனுப்ப நேர்ந்தது.

மற்றைய காரணத்தை இளையவன் விளக்கினான். ஆண்டுதோறும் புதிய இளைஞர்களைத் தெரிவுசெய்யும்போது, முன்னைய பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணிகளுக்கே முதலிடம் பெறும் வாய்ப்பு அதிகம். முற்காலத்தில் அணிகள் வேண்டுமென்றே தோற்கத் தலைப்பட்டதால், 1985 முதல் சீட்டுக்குலுக்கல் புகுத்தப்பட்டது. கடைசி மூன்று அணிகளுக்கும் நூற்றுக்கு 14 வீதம் சம வாய்ப்பு. 2025இல் நூற்றுக்கு இரண்டு வீதமும் இல்லாத வாய்ப்போடு டலஸ் அணி முதலிடம் பெற்றது வேறு கதை.

ஆசிரியர் பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“தோத்தவனுக்கோடா முதற் பிடி?”

“ஓம் அம்மப்பா.”

“உது நல்ல நியாயம். எங்கட ஊரிலை வெண்டவனுக்குத்தானே எல்லாம்.”

பின்னர் அவர் கூறியதை என் மொழியில் தருகிறேன். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே தீவகத்துப் பிள்ளையொன்று திறமையாகச் சித்தியெய்தினால் ஊரே மகிழும். அடுத்த தை மாதம் அப்பிள்ளை பட்டினத்துப் பெரிய பாடசாலைக்குப் போய்விடும். ஓடுகிறவனும், பந்து பிடிக்கிறவனும் அவ்வழியே செல்வார்கள். ஏற்கெனவே பலமுள்ள அணிக்கு ஆண்டுதோறும் முதற் பிடி! கன்னங்கரா அவர்கள் 1940களில் மத்திய பாடசாலைகளைக் கிராமங்களிலே நிறுவியது இதற்கு நேர்மாறான நோக்கத்தோடு என்பதை வேலணை மத்திய கல்லூரியின் பெயரே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1990இல் போர் தீவகத்தையே பெயர்த்தது, திரும்பியோர் சிலரே. எஞ்சிய சிலருள்ளும் சிறந்தோரை அனுப்பிவிட்டால் அணி எங்கிருந்து வரும்?

பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். என் மகனையும் பட்டினத்துக்கே அனுப்பினேன். ஆயினும் அக்கேள்வி என்னைத் தைத்தது.

மூத்தவன் தாத்தாவைத் தேற்றுபவன்போல் நிக்கோலா யோக்கிச்சின் கதையை எடுத்தான். 2014ஆம் ஆண்டுத் தெரிவில் இந்தச் செர்பிய இளைஞருக்கு முன்னால் 40 பேர் தெரிவாயினர். 41ஆவதாகத் தம்மைத் தெரிந்த டென்வரை விட்டு அவர் அகலவில்லை. 2023இல் அந்நகருக்கு முதற் கிண்ணம் அவராலேயே கிடைத்தது. எங்கோ ஒரு மூலையில் நின்றவரை எவரும் கணக்கிற் கொள்ளவில்லை.

என் கணிப்பையும் கேட்டார்கள். ஒக்லஹோமாவின் பக்கமே நான் நின்றேன். 2019இல் அவ்வணி ஒரு பெரிய வீரரை லொஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்சுக்குக் கொடுத்து, ஷாயையும், பிற்காலத் தெரிவுரிமைகள் பலவற்றையும் வாங்கியது. 2021-22 பருவத்தில் 58 ஆட்டங்களில் தோற்றும் பதறவில்லை. அந்த உரிமைகளுள் ஒன்றினால் வந்த ஜேலன் வில்லியம்ஸ் 2025 வெற்றியின் மற்றொரு தூண். இளைஞரும் உண்டு, சேமித்த விதைநெல்லும் உண்டு. அடுத்து, ஏழடி நாலங்குல உயரமுள்ள விக்டர் வெம்பன்யாமாவின் சன் அன்ரோனியோ. அவருடைய உடல்நலம் இடங்கொடுத்தால் மாத்திரம். 2025இல் தோளில் இரத்தம் உறைந்ததனால் அவர் பருவத்தின் நடுவிலேயே விலக நேர்ந்தது. பொஸ்ரனைப்போல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆளக்கூடிய அணி எதுவும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை.

“ராப்ரர்ஸ்?” என்றான் மூத்தவன். நான் பணியாரத்தை எடுத்தேன்.

ஆசிரியரோ வேறு கணக்கில் ஆழ்ந்திருந்தார். ஊர்ப் பாடசாலையின் பின்வளவில் வெற்றுநிலம் கிடக்கிறதாம். வளையத்தையும் இரண்டு பந்துகளையும் ரொறன்ரோவிலிருந்து அனுப்புவதாக மூத்தவன் ஒப்புக்கொண்டான். வளையம் எவ்வளவு உயரம் என்று கேட்டார். பத்தடி என்றான். தம்பத்துக்கு வைரமேறிய பனை வேண்டுமென்று சொல்லி எழுந்தவர், கீழே கிடந்த பனைமட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, அருகில் நின்ற மரத்தை அளக்கத் தொடங்கினார். இளையவன் அண்ணாந்து எண்ணிக்கொண்டு நின்றான்.