அடங்காத பிள்ளையா, அஞ்சிய பிள்ளையா?

1943-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி. பட்டப்பகலில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தா கிடர்பூர் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. துறைமுகத் தொழிலாளர்கள் பலர் மாண்டனர். பிழைத்தவர்களில் பலர் ஊரைவிட்டே ஓடினர். வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய வருடமும் அதுதான். குண்டையும் பசியையும் ஒருசேரக் கண்ட பிஞ்சு மனங்கள் என்ன பாடுபட்டிருக்கும்?

அதே போர்க்காலத்தில் லண்டனில் இந்தக் கேள்வி ஆராயப்பட்டது. மனோதத்துவ மேதை சிக்மண்ட் பிராய்டின் மகள் அன்னா பிராய்டும், அவருடைய தோழி டோரதி பர்லிங்ஹாமும் போரில் அவதிப்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகங்கள் நடத்தினர். அவர்கள் கண்டது இது: குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகமாக உலுக்கியது. தாய் பதறாமல் பக்கத்தில் இருந்தால் குழந்தை சீக்கிரம் தேறியது.

பயந்த மூளைக்குப் பாடம் ஏறாது

பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளையில் கால் பங்குதான். ஆறு வயதுக்குள் அது ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகிறது. ஆனால் ஓரிடத்தில் உட்காரவும், பொறுமை காக்கவும், ஒன்றில் கவனம் வைக்கவும் உதவும் முன்மூளை முதிர்வதற்கு 25 வயதுவரை ஆகிறது.

ஓயாத பயம் இந்த வளர்ச்சியைக் கெடுக்கிறது. குடித்துவிட்டு வரும் தகப்பனின் செருப்புச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு வாய்ப்பாடு எப்படி மனசில் நிற்கும்?

1989-ல் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தபோது, அநாதை இல்லங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. அவர்களில் பிரிட்டனுக்குத் தத்துப் போனவர்களை மைக்கேல் ரட்டர் என்ற மனநோய் மருத்துவரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குள் மீட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறினர். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குப் பெரியவர்களான பிறகும் கவனக் குறைபாடு நீடித்தது.

எல்லாம் பயத்தால் அல்ல

ஆனால் துறுதுறுவென்று திரியும் பிள்ளை எல்லாம் அடிபட்ட பிள்ளை என்று நினைப்பதும் தவறு. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாட்டில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் குறை உள்ள பிள்ளைகளின் மூளை மேற்பரப்பு சுமார் மூன்று வருடம் தாமதித்து முதிர்கிறது என்று 2007-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. இதில் பெற்றோர் மீதும் குற்றமில்லை. பிள்ளை மீதும் குற்றமில்லை.

கனடா டாக்டர் கபோர் மாட்டே, இளம் வயதின் மன நெருக்கடியே இதற்கு வேர் என்று 1999-ல் புத்தகம் எழுதினார். அவருக்கே இந்தக் குறை உண்டு. நிபுணர்கள் பலர் அவர் கருத்தை ஏற்பதில்லை.

வெளியே தெரியும் அடையாளம் ஒன்று. உள்ளே காரணம் வேறு வேறு. பிரித்தறிவது டாக்டரின் வேலை. 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, வீட்டிலும் பள்ளியிலும் ஒருபோல இருக்கிறதா, ஆறு மாதமாவது நீடித்ததா என்று அவர் விசாரிப்பார். தூக்கம், காது, கண் இவற்றையும் பார்ப்பார்.

பிழைக்க வந்த குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, வகுப்பில் வங்காளியோ ஆங்கிலமோ. பாஷை புரியாத பிள்ளை ஜன்னலைப் பார்க்காமல் வேறென்ன செய்யும்?

அடி உதவாது

"அடியாத மாடு படியாது" என்பது மாட்டுக்குச் சொன்னது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. பயந்த பிள்ளையை அடித்தால் பயம் இரட்டிக்கும். பிறவிக் குறை உள்ள பிள்ளையை அடித்தால் குறையோடு பயமும் சேரும்.

பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டு வருவது பாவமல்ல. பாட்டியும் உறுதியான துணைதான். ஆனால் தூங்கும்போது நழுவி ரயிலேறுவது கூடாது. "போகிறேன், இன்ன மாதம் வருவேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி வரவும் வேண்டும்.

கிடர்பூருக்குப் பக்கத்திலேயே பி.ஜி. ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மனநோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். டாக்டர் சீட்டில்லாமல் மருந்து மட்டும் கொடுக்கக் கூடாது.

பிரம்பை எடுக்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவன் அடங்க மறுக்கிறானா, அல்லது அடங்க முடியாமல் தவிக்கிறானா?