40 வயதுக்கு மேல் மோட்டோகிராஸ் ஓட்டலாமா? சைனைடு மேட்டடியில் கேட்ட ஒரு கேள்வி

கோலார் தங்கவயலில் எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படுபவை சைனைடு மேடுகள். போன மாதம் ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிருந்தபோது, அப்படி ஒரு மேட்டைக் காட்டி என் மாமா கேட்டார்: "இதுல பைக் ஏத்தினா எப்படி இருக்கும்?"

அவருக்கு 44 வயது. பெங்களூருவில் வேலை. விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் போய், ராத்திரி வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். ரயிலில் மோட்டோகிராஸ் வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. "நீதான் எல்லாத்துக்கும் கணக்குப் போடுற ஆளாச்சே, இதுக்கும் போட்டுச் சொல்லு" என்றார்.

போட்டுப் பார்த்தேன். சுருக்கமான பதில்: ஓட்டலாம் மாமா, ஆனால் அந்த மேட்டில் வேண்டாம். விரிவான பதில் இதோ.

மோட்டோகிராஸ் என்றால் என்ன?

மண் பாதையில், மேடு பள்ளங்களும் தாவும் இடங்களும் அமைத்து, பைக்கில் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயம்தான் மோட்டோகிராஸ். 1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த போட்டியில் இருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. 1957-ல் உலக சாம்பியன்ஷிப் வந்தது.

இதற்கான பைக்கே வேறு. 250 சிசி பந்தய பைக்கின் எடை சுமார் 107 கிலோ. நம் ஊர் ஸ்ப்ளெண்டரைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் பவர் பல மடங்கு. சஸ்பென்ஷன் கிட்டத்தட்ட 30 செ.மீ. அமுங்கி எழும். ஹெட்லைட், இண்டிகேட்டர் எதுவும் கிடையாது. பதிவு செய்ய முடியாது என்பதால் ரோட்டில் ஓட்டவும் முடியாது.

தினமும் பைக் ஓட்டுகிறவருக்கு இது சுலபமாக இருக்குமா? இருக்காது. ரோட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறோம். இங்கே பெரும்பாலும் ஃபுட்ரெஸ்ட் மேல் நின்று ஓட்ட வேண்டும். தாவும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பைக்கின் முன்பக்கம் கீழே சாயும். ரோட்டில் நம்மைக் காப்பாற்றும் பழக்கம் இங்கே நம்மையே தள்ளிவிடும். 25 வருஷப் பழக்கத்தை மாற்றுவதுதான் நடுவயதில் இதைத் தொடங்குகிறவருக்கு முதல் சவால்.

சைனைடு மேட்டில் ஏன் கூடாது?

பார்க்க இயற்கையே போட்டுக் கொடுத்த டிராக் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது இயற்கை மலை இல்லை. பூமிக்கடியில் இருந்து எடுத்த பாறையை மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சுமார் 3.3 கோடி டன் கழிவு 13 மேடுகளாக அப்படியே நிற்கிறது.

வெயிலிலும் காற்றிலும் சைனைடு நாளடைவில் பெருமளவு சிதைந்துவிடும். மிஞ்சியிருக்கும் தூசிதான் பிரச்சினை. அதில் உள்ள நுண்ணிய சிலிகா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. சிலிகோசிஸ் என்ற வார்த்தையைத் தங்கவயலில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுரங்கத்தில் உழைத்த தாத்தாக்கள் இருமிய இருமல் அது. ஒரு பைக்கின் பின்சக்கரம் கிளப்பும் தூசி ஓட்டுபவரோடு நிற்காது. அடிவாரத்தில் இருக்கும் வீடுகளுக்கும் போகும்.

இன்னொன்று, மழை இந்த மேடுகளை ஆழமாக அரித்து வைத்திருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியாத பள்ளம், வெயிட் தாங்காத விளிம்பு எல்லாம் உண்டு. விழுந்தால் பார்க்க ஆளும் இருக்காது, ஆம்புலன்ஸும் இருக்காது.

40-க்கு மேல் உடம்பு தாங்குமா?

பைக்தானே ஓடுகிறது, நமக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். மோட்டோகிராஸ் ஓட்டும்போது இதயத்துடிப்பு அதன் உச்ச அளவில் 90 சதவீதத்துக்கு மேல் போவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. 220-ல் இருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். மாமாவுக்கு 176. அதில் 90 சதவீதம் 158. நாள் முழுக்க ரயிலிலும் நாற்காலியிலும் இருக்கும் இதயம் திடீரென்று நிமிடத்துக்கு 158 முறை அடிக்க வேண்டும்.

30 வயதுக்குப் பிறகு, பயிற்சி இல்லாவிட்டால், பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. முன்கை இறுகி, பிடி தளர்ந்து, பிரேக்கைக்கூட அழுத்த முடியாமல் போவது புதியவர்களுக்கு சகஜம். அதிகம் அடிபடும் இடங்களில் காலர்போன், மணிக்கட்டு, கணுக்கால், தலை எல்லாம் அடக்கம். காலர்போன் உடைந்தால் கூட 6 முதல் 12 வாரம் ஆகலாம். அத்தனை நாள் ஒற்றைக் கையோடு கூட்டமான ரயிலில் ஏற முடியுமா? நடுவயதில் ரிஸ்க் என்பது வலி மட்டும் இல்லை. சம்பளம், ஈஎம்ஐ, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் அதில் சேரும்.

அதற்காக வயது முழுக்க எதிரியும் இல்லை. 20 வயதுக்காரரைப் போல யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் சொன்னால் கேட்கும் பொறுமை இருக்கும். அமெரிக்காவின் கிளென் ஹெலன் டிராக்கில் 30 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே ஆண்டுதோறும் உலக அளவிலான போட்டி நடக்கிறது. அதில் 40, 50, 60 என்று வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். இந்திய மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் 'ஆபத்தான அல்லது சாகச விளையாட்டுகள்' என்ற விலக்கு உண்டு. ஐஆர்டிஏஐ வகுத்த வாசகப்படி, தொழில்முறையாகப் பங்கேற்கும்போது ஏற்படும் காயத்துக்குத்தான் அது பொருந்தும். பட்டியலில் மோட்டார் பந்தயம் இருக்கிறது. பொழுதுபோக்காகப் பழகுகிறவருக்கு கிளெய்ம் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் தனிநபர் விபத்து பாலிசிகள் பலவற்றில் விதி இன்னும் கடுமை. டிராக்கில் இறங்கும் முன் உங்கள் நிறுவனத்திடம் ஈமெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கே, எப்படித் தொடங்குவது?

இதற்காக வெளியூர் போக வேண்டியதில்லை. அதே கோலார் மாவட்டத்திலேயே பிக்ராக் என்ற பயிற்சிக்களம் இருக்கிறது. அதை உருவாக்கியவர் சி.எஸ். சந்தோஷ். 2015-ல் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர். 2021 டக்காரில் விழுந்து தலையில் அடிபட்டு, ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பல நாள் மயக்க நிலையில் இருந்து மீண்டவர். அவ்வளவு தேர்ந்தவரே விழுந்தார். உடனே உதவி வரும் ஏற்பாடு அங்கே இருந்தது. முறையான களத்துக்கும் சைனைடு மேட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

புதியவர் செய்ய வேண்டிய வரிசை:

1. டாக்டரிடம் முழுப் பரிசோதனை. பிபி, சர்க்கரை, இசிஜி கட்டாயம்.

2. மூன்று மாதமாவது உடம்பைத் தயார் செய்வது. வேக நடை, ஸ்குவாட், முன்கைக்கும் முதுகுக்கும் பயிற்சி.

3. பைக் வாங்காமல், பயிற்சியில் தரும் பைக்கில் பழகுவது. 2021-ல் கவாசாகி கேஎக்ஸ்250 வந்தபோதே எக்ஸ்-ஷோரூம் விலை 7.99 லட்சம் ரூபாய். ஆசை நிலைக்குமா என்று தெரியும் முன் அவ்வளவு பணம் போட வேண்டியதில்லை.

4. ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக் கவசம், மார்புக் கவசம். இதில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

5. முதல் நாள் ஐந்தைந்து நிமிடமாக ஓட்டி, நடுவில் ஓய்வு. உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பந்தயமே 30 நிமிடமும் 2 சுற்றும்தான். தாவுவதெல்லாம் அப்புறம்.

6. போட்டியில் இறங்க விரும்பினால் இந்திய மோட்டார் விளையாட்டு சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐ-யின் லைசென்ஸ் வேண்டும்.

எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "அப்பா மூச்சு வாங்கினது இன்னும் காதுல இருக்கு. அந்தத் தூசிய நானே கிளப்புவேனா?" என்றார். பிறகு, "சரி, அந்த இசிஜி எங்க எடுக்கிறது?" என்று கேட்டார்.