நாள் பார்த்து வராத மைல்கற்கள்

1994 பிப்ரவரி 8, அகமதாபாத். இலங்கையின் ஹஷான் திலகரத்ன தட்டிய பந்தை ஷார்ட் லெக்கில் நின்ற சஞ்சய் மஞ்ச்ரேக்கர் பிடித்தார். கபில் தேவுக்கு அது 432-வது டெஸ்ட் விக்கெட். ரிச்சர்ட் ஹாட்லியின் 431 விக்கெட் உலக சாதனையை அவர் தாண்டிவிட்டார்.

ஆனால் அந்த டெஸ்டை இந்தியாவுக்கு வென்று தந்தவர் கபில் அல்ல. இரு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் சாய்த்த சுழற்பந்து வீச்சாளர் வெங்கடபதி ராஜு. கபிலுக்கு அப்போது வயது 35. பழைய வேகம் குறைந்திருந்தது. அவர் இருந்தவரை இளம் வேகப்பந்து வீச்சாளர் ஜவகல் ஸ்ரீநாத்துக்கு உள்நாட்டில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. கபில் ஓய்வு பெற்ற பிறகு, 1994 நவம்பரில்தான் மும்பையில் அந்த வாய்ப்பு வந்தது.

பெரிய மைல்கற்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன. வீரர் உச்சத்தில் இருக்கும் நாளில் அல்ல, சறுக்கிக்கொண்டிருக்கும் நாளில். காரணம் எளிது. நானூறு விக்கெட்டும் பத்தாயிரம் ரன்னும் சிறுவாட்டுப் பணம் போலப் பல ஆண்டுகள் சேர்வன. அவை நிறையும் நேரத்தில் உடம்பு தளரத் தொடங்கியிருக்கும். கடைசியில் தேவைப்படுவதோ ஒரு விக்கெட், நாலைந்து ரன். சுமாரான ஆட்டமே அதற்குப் போதும்.

அலஸ்டர் குக் 2016-ல் இலங்கைக்கு எதிரான டெஸ்டில் 15 ரன்னில் ஆட்டமிழந்தார். பத்தாயிரத்துக்கு இன்னும் ஐந்து ரன் வேண்டும். அடுத்த இன்னிங்ஸில் அந்த ஐந்தையும் எடுத்தார். பத்தாயிரம் டெஸ்ட் ரன் எடுத்த முதல் இங்கிலாந்து வீரர் என்ற பெயர் வந்து சேர்ந்தது.

விராட் கோலி 8,000 டெஸ்ட் ரன்களைத் தொட்டது 2022 மார்ச்சில், மொஹாலியில் நடந்த அவரது நூறாவது டெஸ்டில். அன்று எடுத்தது 45. 2019 நவம்பருக்குப் பிறகு அவர் மட்டையிலிருந்து சதமே வராமலிருந்த காலம் அது. அதே இன்னிங்ஸில் ரவீந்திர ஜடேஜா ஆட்டமிழக்காமல் 175 ரன் குவித்தார்.

எதிர்பார்ப்பும் ஒரு பாரம். சச்சின் டெண்டுல்கர் 99-வது சர்வதேச சதத்தை 2011 மார்ச்சில் அடித்தார். நூறாவது சதத்துக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓவலில் 91, மும்பையில் 94 என்று நெருங்கி நெருங்கி நழுவியது. 2012 மார்ச் 16 அன்று மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக அது வந்தபோது, 114 ரன்னுக்கு 147 பந்துகள் பிடித்தன. மறுமுனையில் சுரேஷ் ரெய்னா 38 பந்துகளில் 51 அடித்தார். இந்தியா 289 எடுத்தது. வங்கதேசம் நான்கு பந்து மீதமிருக்கையில் வென்றுவிட்டது. உலகில் வேறு எவரும் தொடாத எண் பதிவான ஆட்டம், அணிக்குத் தோல்வியாக முடிந்தது.

அந்தச் சதத்தின் வேகத்தை விமர்சித்தவர்கள் உண்டு. விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் 'நூறு' என்பது அந்த ஒரு மாலையின் கணக்கு அல்ல. மற்ற 99 சதங்களின் உழைப்பும் அதற்குள் இருக்கிறது.

சேதேஷ்வர் புஜாராவின் நூறாவது டெஸ்ட் 2023 பிப்ரவரியில் டெல்லியில் நடந்தது. முதல் இன்னிங்ஸில் ஏழு பந்துகள் ஆடி, நேதன் லயனிடம் எல்பிடபிள்யூ ஆகி, ரன் எடுக்காமல் திரும்பினார். இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 31 எடுத்து, வெற்றிக்கான பவுண்டரியையும் அவரே அடித்தார்.

சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின் கதை இதைவிடக் கனமானது. 2024 பிப்ரவரி 16, ராஜ்கோட். இங்கிலாந்தின் தொடக்க வீரர்கள் இந்தியப் பந்துவீச்சைச் சிதறடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஸ்வீப் செய்யப் போன ஸாக் கிராலி கேட்ச் கொடுத்தார். அஸ்வினுக்கு 500-வது விக்கெட். மாலைக்குள் பென் டக்கெட் 133 ரன்னுடன் களத்தில் நின்றார். அன்றிரவே, தாயின் உடல்நிலை காரணமாக அஸ்வின் அணியை விட்டு ஊருக்குக் கிளம்பினார். நான்காம் நாள் திரும்பி வந்து பந்து வீசினார்.

அடுத்த மாதம் தர்மசாலாவில் அவரது நூறாவது டெஸ்ட். மட்டையில் டக் அவுட். பந்தில் ஒன்பது விக்கெட். அந்த டிசம்பரில் அவர் ஓய்வை அறிவித்தபோது அவரது டெஸ்ட் கணக்கு 537 விக்கெட்டில் நின்றது. அனில் கும்ப்ளேவின் 619-க்கு அடுத்து, இந்திய வீரர் ஒருவர் எடுத்த அதிகபட்சம் அதுதான்.