தொழிற்பயிற்சி மையங்களில் தரம்: வருமுன் காப்பது எப்படி?

எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்பயிற்சிக்குப் போன என் முன்னாள் மாணவர் ஒருவர் போன வருடம் போன் செய்தார். "சார், கோர்ஸ் முடிஞ்சி எட்டு மாசமாச்சி. சிஜில் இன்னும் வரல. கொஞ்ச நாள்ல கடன் வேற கட்ட ஆரம்பிக்கணும்" என்றார். ஒரு நாள்கூட மட்டம் போடாத பையன். வீட்டு வயரிங் வேலை நன்றாகவே வரும். பிறகு ஏன் சான்றிதழ் வரவில்லை?

விசாரித்துப் பார்த்ததில் விஷயம் இதுதான். வெளியிலிருந்து வந்த சரிபார்ப்பு அதிகாரி அந்த வகுப்பின் கோப்புகளைப் புரட்டியிருக்கிறார். மின்காப்புச் சோதனைத் தாளில் 12 மாணவர்களுக்கும் ஒரே அளவு எழுதியிருந்தது. பன்னிரண்டு பேர் தனித்தனியாகச் செய்த வயரிங்கில் அளவு கொஞ்சமாவது மாறித்தானே இருக்கும்? மொத்த வகுப்பின் முடிவும் நிறுத்தி வைக்கப்பட்டது. கையெழுத்துப் போட்ட பயிற்றுநரோ அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஆண்டுதோறும் நாம் எத்தனையோ மாணவர்களைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பி வைக்கிறோம். அந்த மையங்களில் தரம் எப்படிக் காக்கப்படுகிறது, எங்கே நழுவுகிறது என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்த விளக்கம்.

முதலில் மூன்று சொற்கள்

விதி இணக்கம்: சட்டமும் அங்கீகாரம் தரும் அமைப்பும் கேட்பதைச் செய்து, செய்ததற்கு ஆதாரமும் வைத்திருப்பது.

தரம்: பயிற்சி முடித்தவர் அந்த வேலையை உண்மையிலேயே, பாதுகாப்பாக, தனியாகச் செய்ய முடிவது.

வருமுன் காத்தல்: தவறு நடந்த பிறகு கண்டுபிடித்துத் திருத்துவதை விட்டு, தவறு நடக்க இடமே இல்லாதபடி வேலையை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது.

முதல் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. கோப்பு கச்சிதமாக இருந்தும் மாணவனுக்கு வேலை தெரியாமல் இருக்கலாம். வேலை நன்றாகத் தெரிந்தும் ஆதாரம் இல்லாததால் சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். மூன்றாவது சொல்லின் வேலை, இந்த இரண்டையும் பிரியாமல் பார்த்துக்கொள்வது.

நம் நாட்டு முறை எப்படி இயங்குகிறது?

மலேசியாவில் திறன் பயிற்சியை ஒழுங்குபடுத்துவது 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம். இதை அக்தா 652 என்றும் சொல்வார்கள். இதன்படி மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். வழங்குவது, மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜே.பி.கே. நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா.

ஒவ்வொரு தொழிலுக்கும் 'நோஸ்' என்ற தேசியத் திறன் தரநிலை ஆவணம் உண்டு. அந்தத் தொழில் செய்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் திறன் அலகுகளாக அது பிரித்துக் காட்டுகிறது. இங்கே மதிப்பெண் பட்டியலை விட 'திறன் பெற்றவர்', 'இன்னும் திறன் பெறவில்லை' என்ற முடிவுதான் முக்கியம்.

அங்கீகாரம் பெற்ற மையத்தில் மூன்று அடுக்குப் பார்வை இருக்கிறது. மதிப்பீட்டு அதிகாரி (பி.பி.) மாணவரின் செய்முறையையும் அறிவையும் மதிப்பிடுகிறார். உள் சரிபார்ப்பு அதிகாரி (பி.பி.டி.) அந்த மதிப்பீடு முறையாக நடந்ததா என்று பார்க்கிறார். ஜே.பி.கே. அனுப்பும் வெளிச் சரிபார்ப்பு அதிகாரி (பி.பி.எல்.) கடைசியில் வந்து உறுதி செய்கிறார். மூன்று பேர் பார்த்தும் மேலே சொன்ன தவறு எப்படி நடந்தது?

தவறு பிறந்த இடம்

அந்த மையத்தில் மின்காப்பைச் சோதிக்கும் மெகர் கருவி ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் மாதம் அது கெட்டுப்போனது. பழுதுபார்க்க அனுப்பினார்கள், திரும்பி வரத் தாமதம். பாட அட்டவணை காத்திருக்குமா? பயிற்றுநர் பழைய வகுப்பின் அளவைச் சொல்லி, "இப்போதைக்கு இத எழுதி வைங்க, மெகர் வந்ததும் செஞ்சிக்கலாம்" என்றிருக்கிறார். மெகர் வந்தபோது வகுப்பு அடுத்த அலகுக்குப் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து உள் சரிபார்ப்பாளர் பார்த்தபோது எல்லாக் கட்டத்திலும் எண்ணும் கையெழுத்தும் இருந்தன. அவரும் கையெழுத்திட்டார்.

ஏமாற்ற வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் இது சின்ன விஷயமும் அல்ல. 230 வோல்ட் வீட்டு வயரிங்கை 500 வோல்ட் நேர்மின்னோட்ட மெகரால் சோதிக்கும்போது குறைந்தது 1 மெகா ஓம் மின்காப்பு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். நம் மின்சார விதிகள் ஈரமான இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கேட்பது சும்மா இல்லை. குளியலறை வாட்டர் ஹீட்டரில் உயிர் போவது இப்படிப்பட்ட கசிவினால்தான். மெகரைக் கையில் பிடிக்காமலே திறன் பெற்றவன் என்று ஒருவனை வெளியே அனுப்பினால், அந்தக் கடன் நாளைக்கு யாரோ ஒருவர் வீட்டில் போய் நிற்கும்.

கடைசிச் சோதனை மட்டும் ஏன் போதாது?

தரவியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானியத் தொழில்துறையினருக்குப் பாடம் நடத்தியவர். தரத்துக்காகக் கடைசிப் பரிசோதனையை நம்பி இருக்காதீர்கள், செய்யும் முறையிலேயே தரத்தைக் கொண்டுவாருங்கள் என்பது அவர் வலியுறுத்திய கருத்துகளில் ஒன்று. பயிற்சி மையத்துக்கும் இது பொருந்தும்.

கடைசியில் வருகிறவர் தாளைத்தான் பார்க்க முடியும், நடந்து முடிந்த வகுப்பைப் பார்க்க முடியாது. தவறைக் கண்டுபிடித்தாலும் அதற்குள் மாணவரின் காலமும் பணமும் போயிருக்கும். இன்னொன்று, கடைசிச் சோதனையை மட்டும் குறிவைக்கும் மையம் மெல்ல மெல்லக் கோப்பை அலங்கரிக்கப் பழகிவிடும். தணிக்கைக்கு முந்தின இரவு அலுவலகத்தில் விளக்கு எரிகிறது என்றாலே பிரச்சினை பழையது என்று புரிந்துகொள்ளலாம்.

வருமுன் காக்கும் ஐந்து வேலைகள்

1. சேர்க்கைக்கு முன் கணக்கு. இத்தனை மாணவர், இத்தனை கருவி, இத்தனை தகுதி பெற்ற பயிற்றுநர் என்று தரநிலையோடு ஒப்பிட்டு, இடம் இருக்கும் அளவுக்கே ஆள் எடுப்பது. ஒரே மெகரை வைத்துக்கொண்டு 12 பேரைச் சேர்த்த அன்றே தவறுக்கு விதை விழுந்துவிட்டது.

2. கருவிப் பதிவேடு. எந்தக் கருவி கெட்டால் எந்தத் திறன் அலகு நின்றுபோகும் என்று ஒரு பட்டியல். அதன் பக்கத்திலேயே மாற்று ஏற்பாடு: இரவல், வாடகை, அல்லது அலகுகளின் வரிசையை மாற்றுவது.

3. உள் சரிபார்ப்பை முன்னால் கொண்டுவருவது. பருவம் முடிந்து மொத்தமாகப் பார்ப்பதற்குப் பதில், ஒவ்வொரு அலகும் முடிந்த வாரமே இரண்டு மூன்று மாணவரைக் கூப்பிட்டு, "இத எனக்குச் செஞ்சி காட்டு" என்று கேட்பது. பத்து நிமிட வேலைதான். கையெழுத்தைப் பார்ப்பதை விட ஆயிரம் மடங்கு மேல்.

4. 'செய்ய முடியவில்லை' என்று எழுத உரிமை. பயிற்றுநர் பயப்படாமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, காரணம் எழுத வேண்டும். காலிக் கட்டம் நிர்வாகத்துக்கு வரும் எச்சரிக்கை மணி. எழுதியவரைத் திட்டினால் அடுத்த முறை கட்டம் காலியாக இருக்காது, பொய்யாக நிரம்பியிருக்கும்.

5. ஆள் மாறும்போது ஒப்படைப்பு. போகிறவர் முடிந்த அலகு, முடியாத அலகு, மறுமதிப்பீடு தேவைப்படுபவர் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்த ஐந்தில் நான்காவதுதான் கடினம் என்பேன். மற்றவற்றைப் படிவம் போட்டுச் செய்துவிடலாம். இதற்கு நிர்வாகியின் மனம் மாற வேண்டும்.

தவறினால் யார் தலையில் விடியும்?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே தொழிற்பயிற்சி மையங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஆஸ்க்வா. முறையான பயிற்சியோ மதிப்பீடோ இல்லாமல் சில மையங்கள் சான்றிதழ் கொடுத்ததாக முடிவு செய்து, 2024 இறுதியிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களை அது ரத்து செய்தது. குழந்தைப் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளில் படித்தவர்களும் அதில் உண்டு. அவர்களில் உண்மையிலேயே படித்தவர்களும் தங்கள் திறனை மறுபடி நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது. மையத்தை மூடிவிடலாம், உரிமத்தைப் பறித்துவிடலாம். மாணவர் இழந்த காலத்தை யார் திருப்பித் தருவது?

சேரும் முன் கேட்க வேண்டியவை

மாணவரும் பெற்றோரும் இந்தக் கேள்விகளோடு போகட்டும். ஆசிரியர்கள் வகுப்பிலேயே ஒரு முறை நடித்துப் பழக்கலாம்.

- இந்தப் பயிற்சிக்கு, இந்த நிலைக்கு அங்கீகாரம் இருக்கிறதா? எந்தத் தேதி வரை? அங்கீகாரம் பயிற்சி வாரியாகவும் நிலை வாரியாகவும் தரப்படுகிறது. "எங்க சென்டர் ஜே.பி.கே. சென்டர்" என்ற பதில் போதாது. ஜே.பி.கே.யின் மைஸ்பைக் தளத்தில் நீங்களே பார்க்கலாம்.
- ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்?
- போன வகுப்பு முடிந்து எத்தனை மாதத்தில் சான்றிதழ் வந்தது?
- என் ஆதாரக் கோப்பை நான் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமா?

சேர்ந்த பிறகு மாணவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: செய்யாத வேலைக்குச் செய்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள். "சார், இது நான் இன்னும் செய்யல" என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

அந்த மாணவருக்குப் பிறகு மறுமதிப்பீடு நடந்தது, சான்றிதழும் வந்தது. "சார், அன்னைக்கிதான் மெகர கையில பிடிச்சேன். முதல் தடவ என் வயரிங் ஃபெயில்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு சாக்கெட்டுக்குள் கம்பியின் உறை கிழிந்திருந்ததாம். இத்தனை மாதம் அது யார் கண்ணிலும் படவில்லை.

வகுப்பில் கலந்துரையாட

1. விதி இணக்கமும் தரமும் எவ்வாறு வேறுபடுகின்றன? உங்கள் பள்ளிப் பட்டறையிலிருந்தோ ஆய்வகத்திலிருந்தோ ஓர் எடுத்துக்காட்டு தருக.
2. மேலே உள்ள சம்பவத்தில் தவறைத் தடுத்திருக்கக்கூடிய மூன்று கட்டங்களைக் குறிப்பிடுக.
3. 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்ற பழமொழியை விளக்கி, தொழிற்பயிற்சியோடு தொடர்புபடுத்தி 150 சொற்களில் எழுதுக.